அவசர சிகிச்சைப் பிரிவில் மனநல ஆப்: யார் கையில் இருக்க வேண்டும்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவனுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். திருவொற்றியூரில் இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பிரிண்டர் ரிப்பேர், வைரஸ் நீக்குவது, படுத்துவிட்ட ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கல்யாண போட்டோக்களை மீட்டுத் தருவது, இவைதான் என் பிழைப்பு. என் அக்கா ஸ்டாப் நர்ஸ். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கேஷுவாலிட்டி டூட்டி பார்க்கிறார்.

2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். "டேய், இங்க ஒரு டேப்லெட் குடுத்திருக்காங்க. மனசு சரியில்லாதவங்கள கண்டுபிடிக்கிற ஆப்பாம். எனக்கு ஒண்ணும் புரியல. வந்து போட்டுக் குடு" என்றார். போனேன். ஆப்பை இன்ஸ்டால் செய்தேன். வை-பை இணைப்பும் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அதை உங்கள் முன் வைக்கத்தான் இந்தக் கட்டுரை. மனநல ஆப் நல்லதா கெட்டதா என்பது என் கேள்வி அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் அது யார் கையில் இருக்க வேண்டும்?

எங்கள் பக்கத்துக் கேஷுவாலிட்டி

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராயபுரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், பக்கத்தில் சென்னைத் துறைமுகம், வடக்கே போனால் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள். ஆகவே விபத்து, தீக்காயம், மிஷினில் சிக்கிய விரல், கடலில் காயம்பட்டவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பெரிய கேஸ் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

உடல் காயத்தோடு மனக் காயமும் சேர்ந்தே வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் எண்ணெய் படிந்து மீனவர்களுக்குத் தொழில் நின்றது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் பெரியகுப்பம் கடலோரத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறலோடு ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். மூச்சு சில நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் பினாயில் வாடை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவர்களைத் தான் பார்த்ததாக அக்கா சொல்வார்.

இவர்களைத் தவிர, வாழ்க்கையே வேண்டாம் என்று முடிவெடுத்து, பிழைத்து வருகிறவர்களும் உண்டு. அவர்கள் கண் விழிக்கும்போது முதலில் பார்ப்பது டாக்டரை அல்ல, நர்ஸைத்தான். எனவே அந்தக் கட்டிலுக்கு அருகில் மனநல உதவி வேண்டும் என்று அந்த மருத்துவமனை நினைத்ததில் தவறே இல்லை. நல்ல எண்ணம்தான். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

டேப்லெட் வந்த கதை

ஆப் கேள்விகள் கேட்கும். நோயாளி விரலால் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் வரும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? நடைமுறையில் மூன்று இடத்தில் இடித்தது.

முதலாவது மொழி. தமிழ் மெனு இருந்தது. ஆனால் யாரோ மிஷின் மொழிபெயர்ப்பில் போட்டு, படித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். "நீங்கள் நீலமாக உணர்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் ப்ளூ என்றால் மனம் வாடியிருப்பதையும் குறிக்கும். காசிமேட்டு அண்ணன் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தன் கை விரல்களைப் புரட்டிப் பார்த்தாராம், நீலம் பாய்ந்திருக்கிறதா என்று! அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் யாரும் மன அழுத்தம் என்ற வார்த்தையோடு வருவதில்லை. "மனசு பாரமா இருக்கு", "படபடன்னு வருது", "தூக்கமே புடிக்கல" என்பார்கள். இந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளாத ஆப் எத்தனை நிறம் காட்டினாலும் என்ன பிரயோஜனம்?

இரண்டாவது நேரம். நோயாளிக்கு ஒரு கையில் டிரிப்ஸ். கண்ணாடி வீட்டில் இருக்கிறது. எனவே அக்காதான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்ட வேண்டும். "டேய், கேள்வி அது கேக்குது. படிக்கிறது நான். பதிலைத் தட்டுறதும் நான். அப்புறம் அது எதுக்குடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. கை எலும்பு முறிந்து ஒரு பெண் வந்தார். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார். வீட்டிலும் தொடர்ந்து பயன்படுத்தட்டும் என்று ஆப்பை அவர் கொடுத்த நம்பரில் இணைத்துவிட்டார்கள். அது அவர் கணவரின் செல்போன். மூன்றாம் நாள் திரையில் நோட்டிபிகேஷன் வந்தது: "இன்று உங்கள் பயம் எந்த அளவில் உள்ளது?" படித்தவர் கணவர். மாவுக்கட்டைக் காட்ட வந்தபோது அந்தப் பெண் மெல்லிய குரலில், "சிஸ்டர், அந்தக் கேள்விய நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னார். அக்கா உடனே நீக்கிவிட்டார். அடுத்து வரச் சொன்ன தேதியில் அவர் வரவில்லை.

இது அந்த ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். மீதிப் பேருக்கு அனுப்பும் மெசேஜை முதலில் வேறு யாரோ படிக்கிறார்கள். ஆப் எழுதுகிறவர் ஆளுக்கு ஒரு போன் என்று நினைத்து எழுதுகிறார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு போன்.

ஆப்கள் மீது கோபம் இல்லை

மனிதன் மெஷினிடம் மனம் விட்டுப் பேசுவது புதிதல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற ப்ரோகிராமை எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் அவருடைய செக்ரட்டரியே அதோடு பேச ஆரம்பித்து, கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமிடம் கேட்டாராம். இன்று பெங்களூரில் உருவான வைசா போன்ற ஆப்கள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. தூக்கம் வராத இரவில் மூச்சுப் பயிற்சி சொல்லித் தர, நாள் குறிப்பு எழுத, இவை உதவுகின்றன. வீட்டில் இருக்கும் உங்களுக்கு இவற்றை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான அமைப்பு ஒன்று டெஸ்ஸா என்ற சாட்பாட்டை வைத்திருந்தது. அது எடை குறைக்கும் யோசனைகளைச் சொல்ல ஆரம்பித்ததால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல சேவை, பயனாளர் விவரங்களை விளம்பரத்துக்காக மற்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக எழுந்த வழக்கில் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. புகழ்பெற்ற வோபாட் ஆப் 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. தினமும் அதோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் வேறு துணை தேட வேண்டியதாயிற்று. வீட்டில் சாவகாசமாக இருப்பவர் இதைத் தாங்கிக்கொள்வார். கேஷுவாலிட்டி கட்டிலில் கிடப்பவரால் முடியுமா?

சென்னை ஏற்கெனவே சொன்ன பதில்

இங்கேதான் நம் ஊரே சம்பந்தப்பட்ட ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஒரு சோதனை நடத்தியது. பிரேசிலில் கம்பினாஸ், இலங்கையில் கொழும்பு, ஈரானில் கராஜ், சீனாவில் யுன்செங், ஐந்தாவது நம்ம சென்னை. 2002 முதல் 2005 வரை, தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1867 பேர் சேர்க்கப்பட்டார்கள். சென்னையில் 1986-இல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் ஆய்வாளர்களில் ஒருவர்.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு, வீடு திரும்பும் முன் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களில் ஐந்து முறை. பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்களில் நான்கு முறை. விசாரித்தவர் டாக்டராகவோ நர்ஸாகவோ உளவியலாளராகவோ இருந்தார்.

முடிவு 2008-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் கடைசி வரை விவரம் கிடைத்த 827 பேரில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்ட 872 பேரில் இறந்தவர்கள் 2 பேர். எல்லா ஊரிலும் இதே அளவு பலன் கிடைத்துவிடும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் ஸ்மார்ட்போன் வராத காலத்தில், ஆப் எதுவும் இல்லாமல், "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வி செய்த வேலை இது.

சரி, இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை? இருக்கிறது. 18 மாதம், 9 தேதி, ஆளுக்கு ஆள் வேறுபடும். நைட் டூட்டி முடித்துப் போகிற நர்ஸ் இதை மனதில் வைத்திருக்க முடியாது. மறப்பது மனித இயல்பு. மறக்காமல் இருப்பது கம்ப்யூட்டரின் இயல்பு. நோயாளிக்கும் நர்ஸுக்கும் நடுவில் ஆப்பை நிறுத்தியதுதான் தவறு. நர்ஸுக்குப் பின்னால் நின்று அது ஞாபகப்படுத்தினால் போதும்.

ஒரு எக்ஸெல் ஷீட் போதும்

இதைச் சும்மா சொல்லவில்லை, செய்து பார்த்தோம். தலைமை டாக்டரிடம் அக்கா அனுமதி வாங்கினார். காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. எக்ஸெல் இருந்தால் சரி, இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் காலத்தில் நோயாளியின் பதிவேட்டு எண். இரண்டாவதில் வீடு திரும்பிய தேதி. அடுத்த ஐந்து காலங்களில் அந்தத் தேதியோடு 7, 14, 28, 49, 77 என்று கூட்டும்படி பார்முலா. மாதக் கணக்குக்கு ஈடேட் என்ற பங்க்ஷன் இருக்கிறது, 4, 6, 12, 18 என்று கொடுத்தால் தேதியைத் தானே தரும். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் "பேசியாச்சு" என்று குறிக்க ஒரு கட்டம். தேதி வந்தும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் பார்மட்டிங். அரை மணி நேர வேலை. நீங்களே செய்திடலாம்.

பெயரும் போன் நம்பரும் ஷீட்டில் கிடையாது. அவை பூட்டிய அலமாரியில் உள்ள பதிவேட்டில்தான். பைலுக்கு பாஸ்வேர்ட் உண்டு. பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ அது வெளியே போகக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநல சிகிச்சைச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. போலீஸ், கேஸ் என்று பயந்து வாய் திறக்காத குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொன்னாலே பாதி பயம் போகும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் அக்கா மூன்று கேள்வி கேட்பார். நான் போன் செய்யலாமா? எந்த நேரத்தில்? வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லட்டும்? மூன்றாவது கேள்வி அந்தக் கை முறிந்த பெண் கற்றுக் கொடுத்தது. "கட்டு மாத்த எப்ப வரீங்கன்னு கேளுங்க சிஸ்டர்" என்று பலர் தாங்களே சொல்லித் தருகிறார்களாம்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். சில நம்பர்கள் தவறு. சிலர் எடுக்கவே இல்லை. "ஏன் தொல்லை பண்றீங்க?" என்று கட் செய்தவரும் உண்டு, அவர் பெயருக்கு நேராக இனி அழைக்க வேண்டாம் என்று குறித்துவிட்டார். ஒருவர் மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு நைட்டு தண்ணி குடுத்தது நீங்கதானே சிஸ்டர்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த ஆப்பாலும் முடியாது.

கால் மணி நேரம் யார் தருவது?

நர்ஸுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், இதை வேறு சுமத்துவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். மாதம் 10 பேர் இப்படி வந்தால், ஆளுக்கு 9 அழைப்பு வீதம், போகப் போக மாதத்துக்கு 90 அழைப்பு. நாளுக்கு 3. அழைப்புக்கு 5 நிமிடம் என்றால் நாளுக்குக் கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரத்தை டூட்டி நேரமாக நிர்வாகம் எழுதித் தர வேண்டும். அக்கா இப்போது அதை வீட்டுக்குப் போகும் பஸ் ஏறும் முன் செய்கிறார். டேப்லெட் வாங்கப் பணம் கிடைத்தது, கால் மணி நேரம் கிடைக்கவில்லை. என் ஆதங்கம் இதுதான். அவசர சிகிச்சைப் பிரிவில் ஆப்பைக் கொண்டு வருவது நர்ஸின் நேரத்தை மிச்சப்படுத்த என்றால், மிச்சமாகும் நேரம் நோயாளிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. விசாரிப்பவரை யார் விசாரிப்பது? விபத்து, தீக்காயம், மரணம் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு பொங்கும் நர்ஸுக்கும் மனம் உண்டு. அவர்கள் அழைக்கவும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 2024-இல் இதற்கு ஆப்பும் வந்துவிட்டது. அந்த ஆப்பின் நல்ல அம்சம், மறுமுனையில் ஆள் இருக்கிறார். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சினேகாவின் எண் 044-24640050. வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 181.

இன்ஸ்டால் செய்யும் முன்

உங்கள் போனிலோ, நீங்கள் வேலை செய்யும் மருத்துவமனையிலோ மனநல ஆப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. தமிழ்க் கேள்விகளை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். உங்கள் அம்மாவுக்குப் புரியாது என்றால் வேண்டாம்.

2. காண்டாக்ட், லொகேஷன், மைக் அனுமதி கேட்கிறதா? எதற்கு என்று காரணம் சொல்லவில்லை என்றால் மறுத்துவிடுங்கள்.

3. போனை வேறு யாரும் எடுப்பார்கள் என்றால் லாக் ஸ்கிரீனில் நோட்டிபிகேஷனை மறைத்து வையுங்கள்.

4. ஆபத்தான பதில் ஒன்று வந்தால் ஆப் என்ன செய்யும்? ஒரு மனிதரிடம் இணைத்துவிடுமா, அல்லது சிவப்பு நிறம் காட்டிவிட்டுச் சும்மா இருக்குமா? இதற்கு விடை தெரியாமல் மருத்துவமனையில் போடவே கூடாது.

5. நாளை கம்பெனி மூடப்பட்டால் உங்கள் விவரங்களை அழிக்க முடியுமா என்று பாருங்கள்.

அந்த டேப்லெட் இப்போது என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? குழந்தைகளுக்குத் தையல் போடும்போது கார்ட்டூன் காட்டப் பயன்படுகிறதாம். பிள்ளைகள் அழுவதில்லையாம். அதுவும் நல்ல உபயோகம்தான். எக்ஸெல் ஷீட் மட்டும் மூலையில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் கீபோர்ட் மாற்றப் போனபோது பார்த்தேன். இரண்டு கட்டங்கள் சிவப்பாக இருந்தன. அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "இரு, பேசிட்டு வரேன்" என்றார்.